வாய் ஓயாத அக்கா

கண்டியில் நான் வேலை செய்த புடவைக் கடைக்கு வருகிறவர்கள் வாசலில் நின்றே, "அந்த அக்கா இருக்காங்களா?" என்று கேட்பார்கள். எந்த அக்கா என்று நாங்கள் யாரும் திருப்பிக் கேட்டதில்லை. கடையில் எத்தனையோ பெண்கள் இருந்தோம். வாயால் சாரி விற்றவர் அவர் ஒருவர்தான்.

ஒரு சாரியை உதறி மேசையில் போடும்போதே பேச்சும் தொடங்கிவிடும். "இந்தக் கரையப் பாருங்க. இத நெய்தவன் வீட்டுல அன்னைக்குச் சண்டையே இல்ல. மனசு நல்லா இருந்தாத்தான் கை இப்புடி நேரா போகும்" என்பார். அது மெஷினில் நெய்த சாரி என்று அவருக்கும் தெரியும், வாங்க வந்தவருக்கும் தெரியும். இரண்டு பேரும் சிரிப்பார்கள். சாரி பைக்குள் போய்விடும்.

சிங்களப் பெண்கள் வந்தால் சிங்களம். முஸ்லிம் பெண்கள் வந்தால் "ராத்தா" என்று தொடங்கி, கல்யாணம் யாருக்கு, மாப்பிள்ளை எந்த ஊர் என்று விசாரித்து முடிப்பதற்குள் மணப்பெண்ணுக்கும் அவளுடைய தங்கைமாருக்கும் துணி எடுத்தாகிவிடும். யாழ்ப்பாணத்து ஆட்களிடம் "ஓம், ஓம்" என்று தலையை ஆட்டுவார். ஒருமுறை ஒரு அம்மா அந்த ஓமை நம்பி, "நீங்கள் எங்கட பக்கமோ?" என்று கேட்டுவிட்டார். "ஐயோ, நான் மடுல்கெல்லப் பக்கங்க. இந்த ஓம் மட்டும் ஒங்ககிட்ட இரவல் வாங்கினது" என்றார் அக்கா. அந்த அம்மா போகும்போது இன்னொரு சாரியும் எடுத்துக்கொண்டு போனார்.

நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த காலத்தில் அந்தக் கடையில் பில் போடச் சேர்ந்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் வீடு கெலிஓயாவில். காலையில் ஒரே பஸ். பஸ்ஸிலும் அவர் வாய் சும்மா இராது. கண்டக்டரின் தங்கைக்கு மாப்பிள்ளை அமைந்துவிட்டதா, முன் சீட்டில் இருக்கிற சிங்கள நோனாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா, எல்லாம் அவருக்குத் தெரிய வேண்டும். பேராதனைப் பாலத்தைத் தாண்டுவதற்குள் பாதி பஸ்ஸும் எங்களுக்குச் சொந்தக்காரர்கள் ஆகிவிடும். சின்ன உருவம். தலையை எண்ணெய் வைத்து இழுத்துக் கட்டியிருப்பார். பேசும்போது கையும் புருவமும் சேர்ந்து ஆடும். தூரத்திலிருந்து பார்த்தால் யாருடனோ சண்டை பிடிக்கிறார் என்றுதான் தோன்றும்.

அப்போது அவருடைய மகள் தர்ஷிக்கு இரண்டு வயது இருக்கும். ஒரே பிள்ளை. கணவர் லொறி ஓட்டுகிறவர், வாரத்தில் பாதி நாள் வெளியூரில் கிடப்பார். பிள்ளையைப் பார்த்துக்கொண்டவர் கணவரின் அக்கா. கல்யாணம் செய்யாமல் தம்பி வீட்டிலேயே இருந்தவர். நல்ல மனுசி. பிள்ளையைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்தார். ஆனால் பேச மாட்டார். "எங்க நாத்தனா பேசுறதெல்லாம் சாமிகிட்டத்தான். மிச்சம் மீதி இருந்தா நமக்கு" என்று அக்கா சிரிப்பார்.

பகல் சாப்பாட்டை நாங்கள் மேல்மாடியில், துணிப் பெட்டிகள் அடுக்கிய அறையில் சாப்பிடுவோம். அக்கா சோற்றுப் பார்சலைப் பிரிப்பதற்கு முன்பே ஃபோனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு ஒரு பெட்டி மேல் வைத்துவிடுவார்.

"தர்ஷிக்குட்டி! அம்மா என்னா சாப்புடுறேன் தெரியுமா? பருப்பு. கத்தரிக்கா. நீ சாப்புட்டியா? இங்க மழ பெய்யுது. குளத்துப் பக்கமெல்லாம் ஒரே கொடையா இருக்கு. ஒரு நோனா வந்து நீலக் கலர் சாரி எடுத்தாங்க, ஒன் கவுன் மாதிரியே நீலம்..."

சோறு காய்ந்துபோகும்வரை பேசுவார். மறுபக்கத்திலிருந்து ஒரு சத்தமும் வராது. கடைசியில் நாத்தனாரைக் கேட்பார்.

"அண்ணி, கேக்குறாளா?"

"ஃபோனையே பாக்குறா."

"சிரிக்கிறாளா?"

"ம்."

அதுபோதும் அவருக்கு. வாயைத் துடைத்துக்கொண்டு, "அவங்கப்பா மாதிரி. அமுக்குணி" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய் அடுத்த சாரியை விரிப்பார்.

தர்ஷிக்கு மூன்று வயது தாண்டியும் பேச்சு வரவில்லை. அந்தத் தீபாவளிக் காலத்தில் நாத்தனாருக்குக் காய்ச்சல் என்று அக்கா பிள்ளையைக் கடைக்குக் கூட்டி வந்தார். சனம் நெரிகிற நேரம். முதலாளி முகத்தைச் சுழித்தாலும் அக்காவிடம் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அந்த நாட்களில் அவர் இல்லாமல் கடை ஓடாது. தர்ஷி மேசைக்கடியில் உட்கார்ந்து வெட்டுத் துண்டுத் துணிகளை நிறம் நிறமாகப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். கெட்டிக்காரப் பிள்ளை. யார் முகத்தைப் பார்த்தாலும் விடாமல் பார்ப்பாள். நாம் சிரிப்பதற்கு ஒரு நொடி முன்னமே அவள் சிரித்துவிடுவாள்.

சாயங்காலம் யாரோ கைதவறி வாசல் இரும்புக் கதவைத் தடாலென்று இறக்கிவிட்டார்கள். எல்லோரும் துள்ளினோம். தர்ஷியும் துள்ளி எழுந்து அந்தப் பக்கம் பார்த்தாள். "பாத்தியா? காதெல்லாம் பாம்புக் காது. வாய்தான் சோம்பேறி" என்று அக்கா பெருமையாகச் சொன்னார். எங்களுக்கும் அப்படித்தான் பட்டது.

அன்றைக்குத் துணி எடுக்க வந்த ஒரு ஆசிரியை, யாழ்ப்பாணத்துப் பெண்மணி, மேசைக்கடியில் எட்டிப் பார்த்தார். பிள்ளையிடம் பெயர் கேட்டார். அவள் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பிள்ளை இன்னும் கதைக்கேல்லையோ?"

"இல்ல மிஸ். இனித்தான் பேசுவா."

"நீங்கள் விடிய வந்து இருட்டப் போறியள். பிள்ளையோட ஆர் கதைக்கிறது? தாய் கதைச்சாத்தானே பிள்ளை கதைக்கும்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பரிவாகத்தான் சொன்னார். ஆனால் அக்காவின் கை, பாதி விரித்த சாரியிலேயே நின்றுவிட்டது.

அன்றைக்கு பஸ்ஸில் நெரிசல். தர்ஷி அவர் தோளில் தூங்கிப்போயிருந்தாள். அக்கா வெகுநேரம் யாருடனும் பேசவில்லை. பிறகு என்னிடம் சொன்னார்.

"தங்கச்சி, அந்த மிஸ் சொன்னது சரிதான். இருக்கிற பேச்செல்லாம் கடையில வித்துப்புட்டு வீட்டுக்குப் போறேன். போன ஒடனே சமையல், துணி. அதுக்குள்ள இவ தூங்கிர்றா. இவளுக்குன்னு என்னா மிச்சம் இருக்கு?"

"நீங்களும் அப்படித்தானே அக்கா வளர்ந்தீங்க?" என்றேன். அவர் பலமுறை சொன்ன கதை அது. மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர் அவர். அம்மா கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தையாக அவரைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுப் போவாராம். தோட்டத்துக் குழந்தைகள் எல்லாம் ஒரே அறையில், வரிசையாக ஏணை கட்டித் தொங்கும். பார்த்துக்கொள்ள ஒரே ஆயா. "எங்கம்மா என்னோட ஒக்காந்து பேசினதே இல்ல. மலையில இருந்து எறங்குனா அடுப்பு, அடுப்ப விட்டா தூக்கம். ஆனா நான் பேசாமயா இருக்கேன்? அந்த ஆயா என்னய அடிச்சதே வாயத் தொறக்காதேன்னுதான்" என்று முன்பெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அன்று அதைச் சொல்லிச் சிரிக்கவில்லை. "அது அந்தக் காலம்" என்றார். "அப்ப யாரும் கேக்கல. இப்ப கேக்குறாங்கள்ல."

கேட்கத்தான் செய்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டார்கள். கணவர் லொறியிலிருந்து இறங்கி வந்து, "ஊரு ஒலகத்துக்கெல்லாம் பேசுற, பெத்த புள்ளைக்கு ஒரு வார்த்த சொல்லிக் குடுக்க முடியல" என்றாராம். முன்பள்ளியில் சேர்க்கப் போனால், பேசாத பிள்ளையை வைத்துச் சமாளிக்க முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள்.

எனக்கு இப்போது ஒரு மகள் இருக்கிறாள். நானும் வேலைக்குப் போகிறேன். போன மாதம் அவளைத் தடுப்பூசிக்குக் கொண்டுபோனபோது, நிறை கொஞ்சம் குறைவு என்று சொன்ன அதே மூச்சில், "அம்மா வேலைக்குப் போறீங்களா?" என்று கேட்டார்கள். அப்பா எங்கே போகிறார் என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்கு அக்காவின் ஞாபகம் வந்து, இரண்டு மூன்று நாளாக வேறு எதிலும் மனம் ஓடவில்லை.

அவரையும் அப்படித்தான் ஒரு கிளினிக்கில் கேட்டார்கள். நீண்ட வரிசையில் காத்திருந்து உள்ளே போனால், கொஞ்ச நேரம்தான் பார்த்தார்களாம். பிள்ளைக்குக் காது கேட்குமா என்று கேட்டார்கள். கதவு அடித்தால் திரும்புகிறாள் என்று அக்கா சொன்னார். அம்மாவுக்கு என்ன வேலை, எத்தனை மணிக்குப் போவது, எத்தனை மணிக்கு வருவது என்று கேட்டார்கள். அதற்கும் பதில் சொன்னார். பிள்ளையோடு வீட்டில் நிறையப் பேசுங்கள், டிவியும் ஃபோனும் காட்டாதீர்கள், முடிந்தால் ஒரு வருடமாவது வேலையை நிறுத்திப் பாருங்கள், இந்த வயது போனால் திரும்பி வராது என்று சொல்லி அனுப்பினார்கள்.

அக்கா மறுவாரமே வேலையை விட்டார்.

முதலாளி நம்பவில்லை. "சம்பளம் பத்தலயா?" என்றார். "பெருநாள் யாவாரம் முடியட்டும், யோசிப்போம்" என்றார். அக்கா தன்னுடைய தண்ணீர்ப் போத்தலையும் சேலையில் குத்துகிற ஊசிகளையும் பையில் போட்டுக்கொண்டார். எங்கள் எல்லோரையும் கட்டிப்பிடித்தார். "பேசுறதுதானே? அதுதானே எனக்குத் தெரிஞ்ச ஒரே வேல. பாருங்க, ஒரு வருசத்துல இவ என்னய விட வாயாடியா வந்து நிப்பா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அன்று அவர் முகத்தில் இருந்த தெளிவை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து வரும் வழியில் அவர் வீட்டுக்குப் போவேன். ஒழுங்கைக்குள் திரும்பும்போதே குரல் கேட்கும். "இது பானை. பா... னை. இது அகப்பை. வெங்காயம் பாரு, அம்மா உரிக்கிறேன். கண்ணு எரியுது. எரி... யுது." துணி துவைக்கும்போது துணியைப் பற்றி. தலை வாரும்போது சீப்பைப் பற்றி. முற்றத்தில் காகம் வந்து உட்கார்ந்தால் காகத்தைப் பற்றி. விடியற்காலை பாய் சுருட்டுவதில் தொடங்கி பிள்ளை தூங்கும்வரை. நாத்தனார் மூலையில் காய்கறி நறுக்கிக்கொண்டு இருப்பார். ஒருநாள் என்னிடம் மெல்ல, "ராவுல தூக்கத்துலயும் பேசுது" என்றார். அவர் என்னிடம் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான்.

தர்ஷி அம்மாவின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அம்மாவின் வாயையே பார்ப்பாள். ஒரு நொடியும் கண்ணை எடுக்க மாட்டாள். அவ்வளவு கவனமாக அம்மா பேச்சைக் கேட்கிற பிள்ளையை நான் கண்டதில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

மாதங்கள் போயின. நான் கடையை விட்டு ஓர் அலுவலகத்தில் சேர்ந்தேன். ஒரு ஞாயிறு போனபோது அக்கா வாசலுக்கே ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். "பேசிட்டா தங்கச்சி! அம்மான்னு சொல்லிட்டா. நீயே வந்து பாரு." தர்ஷியை மடியில் வைத்து முகத்தை நிமிர்த்தினார். "சொல்லு குட்டி. அம்... மா."

தர்ஷி உதடுகளை மூடினாள். பிறகு அகலத் திறந்தாள். அம்மா என்ற சொல்லின் வடிவம் அவள் வாயில் அப்படியே இருந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. கொஞ்சம் காற்று வந்தது, அவ்வளவுதான்.

"பாத்தியா? பாத்தியா?" என்று அக்கா அவளை முத்தமிட்டார். கண்ணெல்லாம் தண்ணீர். நானும் கைதட்டினேன். பிறகு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அந்த ஒரு வருடம் இரண்டு வருடமாயிற்று. டீசல் இல்லாமல் லொறிகள் வரிசையில் நின்ற காலம் வந்தது. கணவருக்கு ஓட்டம் குறைந்தது. முன் அறையை வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டுப் பின் அறையில் நான்கு பேரும் இருந்தார்கள். அக்கா மறுபடி கடைக்குப் போனால் என்ன என்று ஒருநாள் கேட்டேன். "இப்ப விட்டா இவ்வளவு நாள் பேசுனதும் வீணாப் போயிருமே" என்றார். குரல் அப்போதே கரகரத்திருந்தது.

அந்தக் குரல் ஒருநாள் முழுதாகவே நின்றுபோனது. தொண்டை வீங்கி, மருந்துக்குப் போனபோது, சில நாள் வாயே திறக்கக்கூடாது, முணுமுணுக்கவும் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு நடந்ததை அக்காவே எனக்குச் சொன்னார். கெலிஓயா பஸ் தரிப்பிடத்தில் உட்கார்ந்து, காற்றுப் போன மாதிரியிருந்த குரலில்.

"சத்தம் வரல. ஆனா பழக்கம் விடுமா? வாய மட்டும் அசைச்சுக்கிட்டே இருந்தேன். தண்ணி கொண்டாம்மான்னு வாய அசைச்சேன். ஓடிப் போயி எடுத்துட்டு வந்தா. சீப்புன்னேன். சீப்பு வந்துச்சு. எனக்குச் சந்தோசம்னா சந்தோசம். அம்மாவுக்குக் குரல் இல்லாட்டியும் புள்ளைக்கு வெளங்குதேன்னு. அப்புறம் அடுப்படியில நிக்கும்போது நெனச்சேன். நேத்து வரைக்கும் சத்தமாப் பேசினேன். அப்பவும் இதே மாதிரித்தானே எடுத்துட்டு வந்தா. கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. அப்ப என் சத்தம் எதுக்கு?"

வந்து நின்ற பஸ்ஸை அக்கா போகவிட்டார்.

"சோத்துத் தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கிட்டு அவ பின்னால போனேன். தட்டினேன். திரும்பல. கிட்டப் போயித் தட்டினேன். காதுகிட்ட வச்சுத் தட்டினேன். துணிய மடிச்சுக்கிட்டே இருக்கா. காலால தரையில ஓங்கி மிதிச்சேன். ஒடனே திரும்பிப் பாத்துச் சிரிச்சா தங்கச்சி. எங்க நாத்தனா அங்கயே ஒக்காந்து அழுதாங்க. எனக்கு அழக்கூட வரல."

பெரிய ஆஸ்பத்திரிக்கு நான் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். தர்ஷியை ஓர் அறைக்குள் வைத்து, காதில் ஏதோ கருவி மாட்டிச் சோதித்தார்கள். டாக்டர் சிங்களவர், இளம் வயது. தண்ணீர்ப் போத்தலைத் திறந்து எங்களுக்குக் கொடுத்துவிட்டுத்தான் பேசத் தொடங்கினார். இரண்டு காதும் பிறவியிலேயே கேட்காது, கதவு அடிப்பது மாதிரிப் பெரிய அதிர்வு மட்டும் தெரியும், பேச்சு ஒருபோதும் அவளுக்குக் கேட்டிருக்காது என்றார். சின்ன வயதிலேயே கண்டிருந்தால் காதுக்கு மெஷின் போட்டுப் பேச்சுக்குக் கொண்டுவந்திருக்கலாம். இப்போது ஐந்து வயது முடிந்துவிட்டது. முயற்சி செய்யலாம், ஆனால் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

பிறகு கேட்டார். "இத்தனை நாள் ஒருவரும் கவனிக்கவில்லையா? அம்மா வேலைக்குப் போகிறவரா?"

அக்கா தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தார்.

"இல்ல டொக்டர். வேலைய விட்டுட்டேன். புள்ளையோடதான் இருந்தேன்."

"முழு நாளுமா?"

"முழு நாளும்."

டாக்டர் அடுத்த தடவை வரவேண்டிய தேதியை ஒரு துண்டில் எழுதித் தந்தார். வெளியே மரத்தடியில் உட்கார்ந்தோம். தர்ஷி கீழே விழுந்திருந்த பூக்களைப் பொறுக்கி அம்மாவின் மடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இதுக்கு நான் கடையிலயே இருந்திருக்கலாம்" என்றார் அக்கா. "அந்த மெஷினுக்காவது வழி இருந்திருக்கும்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் வேலை கேட்டுப் பழைய கடைக்குப் போனார். நானும் போனேன். கடை பாதியாகக் குறுகியிருந்தது. மற்றப் பாதியில் யாரோ ஃபோன் உறைகள் விற்றுக்கொண்டிருந்தார்கள். முதலாளி கதிரை கொடுத்து உட்காரவைத்தார். "இப்ப யாரும்மா ஒக்காந்து பேச்சுக் கேட்டு சாரி எடுக்குறாங்க? ஃபோட்டோ அனுப்புங்க, வெல சொல்லுங்கன்னுதான் கேக்குறாங்க" என்றார். அக்காவின் குரலையும் அவர் கவனித்தார். "தொண்டைக்கு என்னா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் வேறு பக்கம் பார்த்தார். அந்தக் குரல் பிறகு சரியாகவே இல்லை.

கடைசியில் ஒரு தையல் ஃபெக்டரியில் வேலை கிடைத்தது. விடியுமுன் வான் வரும். நாள் முழுக்க சட்டைக் காலர் தைப்பது. "அங்க வாயத் தொறந்தா சூப்பர்வைசர் வந்து பின்னால நிப்பாரு" என்று சொன்னார்.

காது மெஷின் வந்தது. யார் யாரோ உதவினார்கள், மீதியை அவர் உழைத்தார். முதன்முதல் அதை மாட்டிய நாள் நான் அங்கே இருந்தேன். அக்கா தர்ஷியின் முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்து, "தர்ஷி" என்றார். அதைச் சொல்வதற்கு எத்தனை நாள் காத்திருந்தாரோ. அந்தக் கரகரத்த குரல் காதில் விழுந்ததும் பிள்ளை பயந்து வீறிட்டாள். மெஷினைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடிப்போய் நாத்தனாரின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பழகிவிடும் என்றார்கள். ஓரளவுக்குப் பழகினாள். பஸ் சத்தம் தெரிந்தது, பிரஷர் குக்கர் தெரிந்தது. சொற்கள் அவளுக்குச் சொற்களாகச் சேரவில்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு வருடம் பின்வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்தாள். பிறகு காது கேளாத பிள்ளைகள் தங்கிப் படிக்கிற பள்ளிக்கூடமொன்றில் சேர்த்தார்கள். பஸ் மாறிப் போக வேண்டிய தூரம். லீவுக்கு மட்டும் வீட்டுக்கு வருவாள்.

அக்காவை நான் கடைசியாகப் பார்த்தது கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில். லீவு முடிந்து பிள்ளைகள் திரும்பிப் போகிற நாள். பள்ளிக்கூடத்து மிஸ் ஒருவர் நான்கைந்து பிள்ளைகளைச் சேர்த்து நிறுத்திவைத்திருந்தார். தர்ஷி வளர்ந்து ஒடிசலாக, இரட்டைப் பின்னலோடு நின்றாள். இன்னொரு பிள்ளையுடன் கைகளால் பேசிக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு வேகம். விரல்கள், புருவம், தோள் எல்லாம் சேர்ந்து ஆடின. அந்தப் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

அக்கா சற்றுத் தள்ளி, கையில் சாப்பாட்டுப் பார்சலோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மெலிந்துபோயிருந்தார். என்னைக் கண்டதும் கையைப் பிடித்தார்.

"பாத்தியா தங்கச்சி, எப்புடிப் பேசுறான்னு? நிறுத்தவே மாட்டேங்கிறா."

"உங்களைப் போலதான் அக்கா. என்ன சொல்கிறாள்?"

"தெரியாது."

சாதாரணமாகத்தான் சொன்னார்.

"லீவுக்கு வந்தா சொல்லித் தருவா. நான் ஃபெக்டரியில இருந்து வந்து சேரும்போது கண்ணு சொருகும். ஒண்ணு படிச்சா இன்னொண்ணு மறந்துரும். ரெண்டு தடவ காட்டுவா. மூணாந்தடவ கைய ஒதறிட்டு எந்திரிச்சுப் போயிருவா. கோவம். நியாயந்தானே? வேலைய விட்டா அந்த ஸ்கூல் இல்ல. வேலைக்குப் போனா அவ பாஷ இல்ல." பார்சலை மறு கைக்கு மாற்றினார். "முந்தியெல்லாம் என் வாயையே பாத்துக்கிட்டு இருப்பா. இப்ப பாக்கவும் மாட்டேங்கிறா. அவளுக்கு அது தேவையில்ல இப்ப."

பஸ் வந்தது. அக்கா பார்சலைக் கொண்டுபோய்க் கொடுத்தார். தர்ஷி வாங்கிக்கொண்டு, அவருடைய கன்னத்தில் அவசரமாக ஒரு முத்தம் வைத்துவிட்டு, தோழியின் கையைப் பிடித்தபடி ஏறினாள். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்ததும் இரண்டு பேரும் மறுபடி கைகளால் தொடங்கினார்கள்.

பஸ் நகரும்போது அக்கா இரண்டு எட்டு முன்னால் போனார். "தர்ஷி!" என்று கூப்பிட்டார். உடைந்த அந்தக் குரலை முழு பலத்தோடு எடுத்து, இன்னொரு தடவை, "தர்ஷீ!"

கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். கடலை விற்கிறவர் திரும்பினார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள். தர்ஷி தோழியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பஸ் வளைவில் திரும்பி மறைந்துவிட்டது.

அக்காவின் பஸ் வரும்வரை நான் பக்கத்தில் நின்றேன். பக்கத்தில் நின்ற ஒரு கிழவி, பிள்ளை எங்கே போகிறாள் என்று சிங்களத்தில் விசாரித்தாள். முன்பென்றால் அக்கா அந்தக் கிழவியின் பேரப்பிள்ளைகள் வரை கேட்டு முடித்திருப்பார். அன்று அவளுக்கு நான்தான் பதில் சொன்னேன். அக்கா வாயைத் திறக்கவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும், போய்வருகிறேன் என்றுகூட என்னிடம் சொல்லவில்லை.